நியமித்தவர் பெயர் எந்த உத்தரவில் இருக்கிறது?

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2024 ஜனவரியில் 56 உதவிப் பேராசிரியர்களைப் பணிநீக்கம் செய்தது. நியமனம் பெற்ற நாளில் அந்தப் பதவிக்குரிய கல்வித் தகுதி அவர்களிடம் இல்லை என்பது நிர்வாகம் சொன்ன காரணம். அவர்கள் வேலைக்கு வந்தது தனியார் நிர்வாகத்தின் காலத்தில். அரசு அந்தப் பல்கலைக்கழகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது 2013-இல். இடையில் பத்தாண்டுகள் ஓடிவிட்டன. அந்தப் பத்தாண்டும் அவர்கள் வகுப்பெடுத்தார்கள், விடைத்தாள் திருத்தினார்கள், மதிப்பெண் போட்டார்கள். அந்த மதிப்பெண்ணைக் கொண்டு மாணவர்கள் பட்டம் வாங்கி வேலைக்கும் போய்விட்டார்கள். மாதந்தோறும் சம்பளப் பட்டியலைத் தயாரித்தது பல்கலைக்கழகம். அதற்கு நிதி தந்து தாங்கியது அரசு. பிறகு ஒரு நாள், அந்த நியமனமே செல்லாது என்ற உத்தரவு வந்தது. விவகாரம் உயர்நீதிமன்றத்துக்குப் போனது.

அவையோரே, தகுதியில்லாத ஒருவர் வகுப்பறையில் நிற்கக் கூடாது. இதில் ஆசிரியர் இயக்கத்துக்கு இரண்டாவது கருத்து இருக்க முடியாது. கடலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு, அந்தப் பாடத்தை முறையாகக் கற்றவரிடம் படிக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையை எந்தச் சங்கமும் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் நியமனம் ஓர் ஆள் தனியாகச் செய்துகொள்ளும் காரியமில்லை. விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் பிரிவு இருக்கிறது. நேர்காணலுக்குத் தேர்வுக் குழு இருக்கிறது. குழுவின் பரிந்துரையை ஏற்கும் ஆட்சிக்குழு இருக்கிறது. ஆணையின் அடியில் பதிவாளரின் கையெழுத்து இருக்கிறது. பணிப்பதிவேட்டில் மூலச் சான்றிதழ்களோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது என்ற முத்திரை விழுகிறது. தகுதிகாண் பருவம் முடிந்தது என்று இன்னோர் ஆணை வருகிறது. ஆண்டுதோறும் ஊதிய உயர்வுக்கு ஒரு கோப்பு நகர்கிறது. தணிக்கையாளர் வந்து அதே பதிவேட்டைப் புரட்டிவிட்டுப் போகிறார். இத்தனை மேசைகளைத் தாண்டி வந்த நியமனம் செல்லாது என்றால், அந்த மேசைகளில் உட்கார்ந்திருந்த எல்லோரும் பதில் சொல்லியாக வேண்டும். பணிநீக்க உத்தரவில் இருப்பதோ நியமிக்கப்பட்டவரின் பெயர் மட்டும். நியமித்தவரின் பெயருக்கு அதில் இடமே வைக்கப்படுவதில்லை.

சிதம்பரம் இந்த நிலைக்கு வந்த வழியைத் தெரிந்துகொண்டால்தான் பழி யாருடையது என்பது விளங்கும். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் அங்கே மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். பின்னர் தமிழுக்கும் வடமொழிக்கும் தனித்தனிக் கல்லூரிகள் வந்தன. 20 லட்சம் ரூபாய் அறக்கொடையோடு அவை ஒன்றுசேர்ந்து 1929-இல் பல்கலைக்கழகமாயின. மாணவர்கள் தங்கிப் படிக்கும் ஒரே வளாகம். அன்றைக்கு இணைவுக் கல்லூரிகள் கிடையாது. தமிழ் ஆராய்ச்சிக்கும் தமிழிசைக்கும் அந்த வளாகம் செய்ததைத் தமிழ்நாடு மறக்காது. 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவில் இறங்கித் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியான இராசேந்திரன் அந்தப் பல்கலைக்கழகத்து மாணவர். அப்படிப்பட்ட நிறுவனத்தின் நிர்வாகம் மூன்று தலைமுறையாக நிறுவனர் குடும்பத்தின் கையில் இருந்தது. இணைவேந்தர் பதவி அந்தக் குடும்பத்துக்கே உரியது என்று சட்டமே வகைசெய்திருந்தது.

1979-இல் தொலைதூரக் கல்வி தொடங்கியது. அது வளர வளர வருமானம் பெருகியது. வருமானத்தை நம்பி ஆள் சேர்ப்பும் பெருகியது. எத்தனை பணியிடம் தேவை, எந்தத் துறைக்குத் தேவை, யாருக்கு என்ன தகுதி என்ற கணக்கெல்லாம் பின்னுக்குப் போயின. ஊழியர் எண்ணிக்கை 12,000-ஐத் தாண்டியது. அதில் ஆசிரியரல்லாதோர் ஆசிரியர்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இந்தியாவில் எந்தப் பல்கலைக்கழகமும் இப்படியொரு விகிதத்தைத் தாங்க முடியாது. வேலைக்குப் பணம் கைமாறியது என்ற குற்றச்சாட்டு அந்த ஊரில் வெளிப்படையாகவே பேசப்பட்டது. 2012-இன் இறுதியில் கஜானா காலி என்று நிர்வாகம் கைவிரித்து, ஊதியத்தையும் ஆட்களையும் குறைக்க முனைந்தபோது ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். வளாகம் முடங்கியது. 2013 ஏப்ரலில் அரசு ஓர் இ.ஆ.ப. அதிகாரியை நிர்வாகியாக அமர்த்தியது. அதே ஆண்டு புதுச் சட்டம் வந்து பழைய சட்டத்தை அகற்றியது; இணைவேந்தர் பதவி உயர்கல்வி அமைச்சரிடம் போனது.

அரசு அன்றைக்கே செய்திருக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு பணிப்பதிவேட்டையும் எடுத்துத் தகுதி உள்ளவர், பின்னர் தகுதி பெற்றவர், தகுதியே இல்லாதவர் என்று பிரித்து, ஓராண்டுக்குள் முடிவெடுத்து, நியமித்தவர்கள் மீது விசாரணையும் நடத்தியிருக்க வேண்டும். அப்போது செய்திருந்தால் முப்பத்தைந்து வயதில் ஒருவர் வேறு வழி தேடிக்கொண்டிருப்பார். பத்தாண்டு கழித்து, பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் வயதில், வீட்டுக் கடன் பாதியில் நிற்கும்போது வேலையைப் பறிப்பது வேறு தண்டனை. காலதாமதம் அரசினுடையது. அதற்கான வட்டியைக் கட்டுவது ஆசிரியர்.

எண்ணிக்கையைக் குறைக்க அரசு கண்ட வழி பணி நிரவல். மிகைப் பணியாளர் என்று முத்திரை குத்தப்பட்ட ஆயிரக்கணக்கானோர் அயற்பணியில் மாநிலம் முழுவதும் அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். வேலை தப்பியது, அந்த அளவில் அது சரி. ஆனால் அரசுக் கல்லூரியில் காலியாக இருந்த இடத்தில் அயற்பணி ஆசிரியர் வந்து அமர்ந்தபோது, நெட், செட் எனும் தகுதித் தேர்வுகளில் தேறி ஆண்டுக்கணக்கில் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புக்குக் காத்திருந்த இளைஞருக்கு அந்த இடம் அடைபட்டது. இனச்சுழற்சிப்படி ஒரு பட்டியலின மாணவருக்கோ மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவருக்கோ வரவேண்டிய முறை தள்ளிப்போனது. நிர்வாகம் செய்த தவற்றால் இரண்டு தரப்புத் தொழிலாளர்கள் ஒருவரையொருவர் குற்றவாளியாகப் பார்க்கும் நிலை உண்டானது. இதில் லாபமடைந்தவர்கள் தவறு செய்தவர்கள் மட்டுமே.

தகுதி என்ற சொல்லைக் கையில் எடுப்பவர்கள், அந்தத் தகுதி எத்தனை முறை மாறியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 1991 விதிகளில் நெட் தேர்ச்சியைக் கட்டாயமாக்கியது. 2000-இல் விதிகள் மறுபடி எழுதப்பட்டன. 2006-இல் முனைவர் பட்டம் பெற்றவருக்கு நெட் விலக்கு வந்தது. இளநிலை வகுப்பு எடுக்க எம்.பில். போதும் என்றும் சொல்லப்பட்டது. அதை நம்பித் தமிழ்நாட்டில் ஆயிரமாயிரம் பேர் எம்.பில். படித்தார்கள். ஒவ்வொரு கல்லூரியிலும் எம்.பில். வகுப்புக்குக் கூட்டம் முட்டியது. 2009-இல் அந்தக் கதவு மூடப்பட்டது. எம்.பில். விலக்கு போயிற்று, முனைவர் பட்டமும் அதே ஆண்டு கொண்டுவந்த புதிய நெறிமுறைப்படி பெற்றதாக இருந்தால்தான் விலக்கு என்றானது. முன்பே பட்டம் வாங்கியவர்கள் நீதிமன்றம் போனார்கள். பி.சுசீலா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015-இல் மானியக் குழுவின் பக்கமே தீர்ப்பளித்தது. மறு ஆண்டே மானியக் குழு தானாக இறங்கிவந்து, 2009 ஜூலைக்கு முன் பதிவு செய்தவர்களுக்குச் சில நிபந்தனைகளோடு விலக்குத் தந்தது. 2018 விதிகள், பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியராக முனைவர் பட்டம் கட்டாயம் என்றன. அது 2021 ஜூலையிலிருந்து நடைமுறைக்கு வரவேண்டும். கொரோனாவால் 2023 ஜூலைக்குத் தள்ளிப்போனது. அந்த நாள் வந்தபோது, முனைவர் பட்டம் கட்டாயமில்லை, நெட் அல்லது செட் போதும் என்று விதியே திருத்தப்பட்டது. இதற்கிடையே 2022-இல் எம்.பில். பட்டமே நிறுத்தப்பட்டது.

2007-இல் எம்.பில். முடித்து வேலைக்கு வந்த ஒருவர், அன்றைய விதிப்படி இளநிலை வகுப்பு எடுக்கத் தகுதி உள்ளவர். 2005-இல் அதே சான்றிதழோடு சேர்ந்தவரின் நிலை வேறு. 2010-இல் சேர்ந்தவரின் நிலை இன்னும் வேறு. மூவரும் ஒரே துறையில், ஒரே ஓய்வறையில் உட்கார்ந்து, ஒரே பாடத்திட்டத்தை நடத்தியவர்களாக இருக்கலாம். ஆகவே தகுதி இல்லை என்ற வாசகத்தை எழுதும் அதிகாரி, எந்த நாளில், எந்த விதிப்படி, எந்தப் பணிக்கு என்ற மூன்றையும் ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். அந்த உழைப்பு இல்லாத பட்டியல் நீதிமன்றத்தில் நிற்காது, நிற்கவும் கூடாது.

இன்னொன்றையும் இந்த மேடையில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தகுதி கேட்கும் அரசு, தகுதி பெறும் வழியைத் திறந்து வைத்ததா? மாநிலத் தகுதித் தேர்வான செட், 2016, 2017, 2018 என அடுத்தடுத்து நடந்தது. 2018 மார்ச்சில் கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் நடத்தியதுதான் அந்த வரிசையில் கடைசி. அடுத்த தேர்வு நடந்தது 2025 மார்ச்சில். நடத்தும் பொறுப்பு மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திடம் போய், 2024 ஜூனில் நடக்கவிருந்த தேர்வு தள்ளிவைக்கப்பட்டு, கடைசியில் ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தி முடித்தது. ஏழாண்டு இடைவெளி. 2018-இல் முதுகலை முடித்த பெண்ணுக்குத் தமிழில் எழுதத்தக்க ஒரு தகுதித் தேர்வு ஏழாண்டு கிடைக்கவில்லை என்றால், அவருக்குத் தகுதி இல்லாமற்போனது யாருடைய குறை?

அரசுக் கல்லூரிகளைப் பார்த்தால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 160-க்கும் மேற்பட்ட அரசு கலை அறிவியல் கல்லூரிகள் இன்று ஓடிக்கொண்டிருப்பது ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்களின் தோளில். காலை, மாலை என இரண்டு சுழற்சி வகுப்பு, அகமதிப்பீடு, நாக் தரமதிப்பீட்டுக் குழு வருகைக்கான கோப்பு, தேர்வுப் பணி, மாணவர் சேர்க்கைப் பணி எல்லாம் அவர்களுக்கும் உண்டு. சம்பளம் பதினொரு மாதத்துக்கு மட்டும். மே மாதத்தில் கல்லூரி மூடும்போது வீட்டு அடுப்பும் அணைந்துவிடும் என்று அரசு நினைக்கிறது போலும் என அவர்கள் குமுறுவதில் பொய்யில்லை. மானியக் குழு 2019-இல் கௌரவ ஆசிரியருக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்றது. தமிழ்நாட்டில் அந்தத் தொகுப்பூதியம் 15,000, 20,000 என்று ஏறி 25,000-இல் நின்றது. 50,000 கொடுங்கள் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024-இல் சொல்ல வேண்டியதாயிற்று. இவர்களில் நெட், செட், முனைவர் பட்டம் மூன்றும் பெற்றவர்கள் உண்டு. ஒரு பக்கம் தகுதி இல்லை என்று நிரந்தர ஆசிரியரை நீக்கும் அதே அமைப்பு, மறுபக்கம் முழுத் தகுதியோடு பதினைந்து ஆண்டு உழைத்தவரைத் தற்காலிகமாகவே வைத்திருக்கிறது. தகுதிதான் அளவுகோல் என்றால் இவர்கள் நேற்றே நிரந்தரமாகியிருக்க வேண்டும். 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு 2024 மார்ச்சில் அறிவிக்கை வந்தது. தேர்வு தேதி குறித்தபின் அது தள்ளிப்போனது. காத்திருப்பவர்களின் வயது தள்ளிப்போவதில்லை.

தனியார் பொறியியல் கல்லூரிகளில் நடந்ததோ பச்சை மோசடி. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஆவணங்களோடு வெளியிட்ட விவரம் இது: அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்ற 224 கல்லூரிகளில், 353 பேர் ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தார்கள். ஆய்வுக் குழு வரும் நாளில் ஆளும் சான்றிதழும் இருந்தால் போதும், இணைவு கிடைத்துவிடும். வகுப்பறையில் யார் நிற்கிறார் என்பதை மறுநாள் யாரும் பார்ப்பதில்லை. இல்லாத ஆசிரியருக்கும் சேர்த்துக் கட்டணம் கட்டியவர்கள் பெற்றோர். தகுதியை நிலைநாட்டும் அக்கறை உண்மையாக இருக்குமானால் அதன் முதல் வீச்சு இணைவு வழங்கிய ஆய்வுக் குழுக்கள் மீதும் கல்லூரி உரிமையாளர்கள் மீதும் விழுந்திருக்க வேண்டும்.

இனி இணைப்பு அரசியல். வேலூரை அடுத்த சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் கடலூர், விழுப்புரம் பகுதிக் கல்லூரிகள் இருந்தன. சிதம்பரத்துப் பிள்ளைக்குப் பக்கத்திலேயே பெரிய பல்கலைக்கழகம் இருந்தும், மறுகூட்டலுக்கும் மைக்ரேஷன் சான்றிதழுக்கும் 200 கிலோமீட்டர் தாண்டி வேலூர் போக வேண்டும். விடியற்காலையில் பஸ் ஏறினால், சாப்பாட்டு இடைவேளைக்கு முன் கவுன்ட்டரை எட்டினால் உண்டு. இல்லையென்றால் ராத்திரி பஸ் நிலையத்தில். இந்தக் குறை உண்மையானது. இதைத் தீர்க்க அ.தி.மு.க. அரசு 2021 பிப்ரவரி 5-ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா நிறைவேற்றி, விழுப்புரத்தில் டாக்டர் ஜெ.ஜெயலலிதா பல்கலைக்கழகத்தை உண்டாக்கியது. தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவசர அவசரமாகச் செய்த காரியம். சொந்த இடமில்லை, சொந்தக் கட்டடமில்லை. பழைய தாலுகா அலுவலகக் கட்டடத்தில் ஒரு பெயர்ப்பலகையும் ஒரு துணைவேந்தரும்.

மே மாதம் ஆட்சி மாறியது. ஆகஸ்டு 31-ஆம் தேதி, கலைவாணர் அரங்கில் நடந்த சட்டமன்றத்தில், ஜெயலலிதா பல்கலைக்கழகத்தை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கும் மசோதாவைத் தி.மு.க. அரசு நிறைவேற்றியது. அ.தி.மு.க. உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்து சாலையில் உட்கார்ந்தார்கள், கைது செய்யப்பட்டார்கள். இரண்டு பக்கமும் பேசியதில் பெரும்பகுதி ஒரு பெயரைப் பற்றி. பெயரை அழிக்கிறார்கள் என்றது ஒரு தரப்பு. பெயருக்கு நிதி ஒதுக்காமல் விட்டது யார் என்றது மறு தரப்பு. விழுப்புரம் மாவட்டம் கல்வியில் பின்தங்கியே கிடக்கிறதே, அங்கே எத்தனை துறைகள் வேண்டும், எத்தனை பேராசிரியர் பணியிடங்கள் வேண்டும் என்று கேட்ட குரல் அந்தக் கூச்சலில் எடுபடவில்லை. ஏழு மாதத்துக்குள் ஒரு பல்கலைக்கழகம் பிறந்து மறைந்தது.

இணைப்பின் விளைவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தொண்ணூறு ஆண்டாகத் தங்கிப் படிக்கும் ஒற்றை வளாகமாக இருந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம், ஒரே சட்டத் திருத்தத்தில் இணைவுக் கல்லூரிகளைச் சுமக்கும் பல்கலைக்கழகமாக மாறியது. கல்லூரிகளுக்கு இணைவு கொடுப்பது, ஆய்வுக் குழு அனுப்புவது, பாடத்திட்டம் வகுப்பது, கேள்வித்தாள் தயாரிப்பது, இலட்சக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்துவது எல்லாம் புது வேலை. கடலூர் மாணவருக்குப் பயணம் குறைந்தது. அந்த நன்மையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வேலை கூடிய அதே காலத்தில் ஆசிரியர் எண்ணிக்கை அயற்பணியாலும் ஓய்வாலும் குறைந்துகொண்டே வந்தது. ஓய்வு பெற்றவரின் இடம் நிரப்பப்படவில்லை. ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, மாணவர்களின் நீண்ட கட்டணப் போராட்டத்துக்குப் பின் 2021-இல் சுகாதாரத் துறைக்குப் போய்க் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியானது. மருத்துவத்தைப் பிரித்தார்கள், கல்லூரிகளைச் சேர்த்தார்கள், ஆட்களை அனுப்பினார்கள், கடைசியில் 56 பேரை நீக்கினார்கள். இந்த நான்கையும் ஒன்றாக வைத்து ஒரு திட்ட அறிக்கை ஆசிரியர் முன்னோ மாணவர் முன்னோ வைக்கப்படவில்லை.

இதில் ஒரு கட்சிக்கு மட்டும் பழக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். தி.மு.க. ஆட்சி 2007-இல் அண்ணா பல்கலைக்கழகத்தைப் பிரித்துக் கோவை, திருச்சி, திருநெல்வேலி என்று தனித்தனிப் பல்கலைக்கழகங்களை அமைத்தது. 2010-இல் மதுரையும் சேர்ந்தது. 2011-இல் வந்த அ.தி.மு.க. ஆட்சி எல்லாவற்றையும் திரட்டி 2012-இல் பழையபடி சென்னையோடு இணைத்தது. பிரித்தபோது சொன்னது மண்டல வளர்ச்சி. சேர்த்தபோது சொன்னது தரம். இரண்டு வாதமும் ஒன்பது ஆண்டு கழித்து விழுப்புரத்தில் கட்சி மாறி ஒலித்தன. 2020-இல் மறுபடியும் அண்ணா பல்கலைக்கழகத்தை இரண்டாகப் பிரிக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டு, ஆசிரியர் எதிர்ப்புக்கிடையே அது முடங்கியது. 2025-இல் கும்பகோணத்தில் கலைஞர் பெயரில் பல்கலைக்கழகம் அமைக்கும் மசோதா நிறைவேறியது. தலைவர்களின் பெயரைப் பல்கலைக்கழகத்துக்கு வைப்பதில் குற்றமில்லை. பெயரோடு எத்தனை பணியிடம் ஒப்பளிப்பு ஆகிறது என்பதே சட்டமன்றம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

ஒவ்வொரு பிரிவினையிலும் இணைப்பிலும் நொறுங்குபவர்கள் தொகுப்பூதிய ஆசிரியர்களும் ஊழியர்களும். பழைய பல்கலைக்கழகம் கொடுத்த பணியாணை புதிய பல்கலைக்கழகத்தில் செல்லுமா, பணிமூப்பு எங்கிருந்து கணக்காகும், ஓய்வூதியப் பொறுப்பு யாருக்கு, தொடங்கிய விசாரணை எந்தச் சட்டத்தின் கீழ் தொடரும் என்பனவற்றுக்குச் சட்டத்தின் மாற்றக்கால விதிகளில் இரண்டு வரி மட்டும் இருக்கும். பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகள் அரசுக் கல்லூரிகளாக மாற்றப்பட்டபோதும் இதுவே நடந்தது. ஒரே வகுப்பறையில் ஒரே கரும்பலகை முன் நின்றவர், ஊதியத்துக்காக உயர்கல்வித் துறைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடையாய் நடந்தார். அந்த ஆசிரியரின் கோப்பு இங்கே இல்லை அங்கே, அங்கே இல்லை இங்கே என்று சொல்லப்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இல் ஒரு கோடு போட்டது. தகுதி இருந்து, ஒப்பளிப்புப் பெற்ற காலியிடத்தில், நடைமுறை மட்டும் தவறி வந்தவர் ஒழுங்கற்ற நியமனத்தார். அப்படிப் பத்தாண்டு பணியாற்றியவரை ஒரு முறை வரன்முறைப்படுத்தலாம் என்றது. தகுதியே இல்லாமல் வந்தது சட்டவிரோத நியமனம். அதற்கு அந்தச் சலுகை கிடையாது. நீக்கப்பட்டவர்களில் யார் எந்தப் பக்கம் என்பதை விசாரணைதான் தீர்மானிக்க வேண்டும். கோட்டுக்கு அப்பால் இருப்பவருக்குச் சட்டம் துணை நிற்காது என்பதையும் சங்கங்கள் தம் உறுப்பினர்களிடம் மறைக்கக் கூடாது. ஆனால் அதே தீர்ப்பை ஆயுதமாக்கி, நெடுங்காலம் உழைத்தவர்களைத் தற்காலிகமாகவே வைத்திருக்கும் அரசுகளை, 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. உமாதேவி தீர்ப்பு நியாயமான கோரிக்கையை மறுக்கும் கேடயமாகக் கூடாது என்பது அதன் சாரம்.

நீக்கத்துக்கும் ஒரு முறை உண்டு. தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 1976-இல் வந்தது. கல்லூரி ஆசிரியர் சங்கங்களான மூட்டாவும் ஏ.யு.டி.யும் சிறை கண்டு, சம்பளம் இழந்து நடத்திய போராட்டங்களால் அந்தச் சட்டம் உயிரோடு இருக்கிறது. அதன்படி, உரிய அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் தனியார் கல்லூரி ஆசிரியர் ஒருவரை நீக்க முடியாது. தற்காலிகப் பணிநீக்கத்தைக் கால வரம்பில்லாமல் இழுக்கவும் முடியாது. தனியார் முதலாளிக்கு எதிராக இப்படிக் காவல் வைத்த அரசு, தன் பல்கலைக்கழகத்தில் அதைவிடக் குறைந்த நியாயத்தோடு நடந்துகொள்ளலாமா? விளக்கம் கேட்கும் குறிப்பாணை, பதிலுக்குப் போதிய அவகாசம், ஆவணங்களைப் பார்க்கும் உரிமை, நேரில் சொல்லும் வாய்ப்பு, காரணங்களோடு கூடிய தனித்தனி ஆணை ஆகியவை இயற்கை நீதியின் குறைந்தபட்சம். ஒரே காரணத்தை எல்லோருக்கும் நகலெடுத்துக் கொடுப்பது அதில் சேராது.

இதையெல்லாம் நிதானமாக முடிவெடுக்கத் துணைவேந்தர் வேண்டும். ஆளுநருக்கும் அரசுக்கும் நடந்த இழுபறியில் பல பல்கலைக்கழகங்கள் துணைவேந்தர் இல்லாமல் பொறுப்புக் குழுக்களால் ஓடுகின்றன. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நியமன அதிகாரம் குறித்த மசோதாக்கள் சட்டமாயின. மே மாதம் உயர்நீதிமன்றம் அந்தப் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. தலைமை இல்லாத பல்கலைக்கழகத்தில் பணிநீக்கக் கோப்பு மட்டும் வேகமாக நகர்வது நியாயமில்லை.

ஆசிரியர் இயக்கம் அரசின் முன் வைக்கும் கோரிக்கைகள் தெளிவானவை. நியமனத்தில் தவறு நடந்த ஒவ்வொரு வழக்கிலும் தேர்வுக் குழு முதல் பதிவாளர் வரை பொறுப்பு நிர்ணயிக்கப்பட வேண்டும். வேலைக்குப் பணம் வாங்கியது நிரூபணமானால் அது குற்ற வழக்காக வேண்டும். பணியில் இருந்தபடியே தகுதி பெற்றுவிட்டவர்கள் தனியாகப் பரிசீலிக்கப்பட வேண்டும். தகுதி பெறாதவருக்கு ஆசிரியரல்லாத பணியிடம் ஒன்றில் மாற்று வேலை தர வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செட் தேர்வு ஆண்டுதோறும் குறித்த மாதத்தில் நடக்க வேண்டும். இணைப்போ பிரிப்போ, பணியிட ஒப்பளிப்பும் நிதி ஒதுக்கீடும் பணிமூப்பு விதிகளும் மசோதாவின் இணைப்பாக வராமல் எந்தப் பல்கலைக்கழகச் சட்டமும் அவையில் வைக்கப்படக் கூடாது.

கோரிக்கை மனு மட்டும் போதாது. இந்த அவையில் இருக்கும் ஒவ்வொரு கிளையும் தன் கல்லூரியில், தன் துறையில் ஒப்பளிப்புப் பெற்ற இடங்கள் எத்தனை, நிரப்பியவை எத்தனை, கௌரவ விரிவுரையாளர்கள் எத்தனை பேர், அவர்களில் நெட், செட், முனைவர் பட்டம் பெற்றவர் எத்தனை பேர் என்ற பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் வாங்க வேண்டும். வாங்கியதைக் கல்லூரி அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். மாணவர் பார்க்கட்டும், பெற்றோர் பார்க்கட்டும். அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் கையில் ஒரு பிரதியைக் கொடுத்து, அடுத்த கூட்டத்தொடரில் அவையில் இதைக் கேளுங்கள் என்று சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை திரும்பத் திரும்பப் போங்கள்.